ஏழாவது துண்டும் இரண்டு எழுத்தும்

இன்று காலை பீரோவைத் திறந்தேன். புடவைகளுக்கு நடுவே அம்மா போட்டு வைத்திருந்த அந்துருண்டையின் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், நீ வந்து நின்றுவிட்டாய். மற்றவர்களுக்குப் போனவர்கள் மல்லிகைப் பூவிலும் ஊதுபத்தியிலும் வருவார்களாம். எனக்கு நீ அந்துருண்டையில் வருகிறாய். என்ன செய்வது, நாம் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கை அப்படி.

பாலிமரைக் கரைக்க நம் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த திரவமும் அந்துருண்டையும் பங்காளிகள் என்று முதல் வாரமே நீ சொன்னாய். பெயரும் ஏறக்குறைய ஒன்று, வாசமும் ஏறக்குறைய ஒன்று. எத்தனை கவனமாக இருந்தாலும் சாயங்காலம் பஸ் ஏறும்போது துப்பட்டாவில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் பக்கத்து சீட்டு அம்மா மூக்கைச் சுளித்து, "பொட்டியிலேருந்து இப்பதான் எடுத்துக் கட்டினியாம்மா?" என்று உன்னைக் கேட்டார். சுடிதார் போட்டுக்கொண்டு நீ அசராமல், "ஆமாங்க, எங்கம்மா கல்யாணப் புடவை" என்றாய். அந்த அம்மா உன்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே! கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பிங்கில் இறங்கி வேங்கிக்கால் வீடு வரைக்கும் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

இன்று உன் அப்பாவின் மெத்தைக் கடைக்குப் போக வேண்டும். நம் கட்டுரை அச்சாகி வந்துவிட்டது. அதைக் கொடுக்கத்தான். கிளம்புவதற்கு முன் உனக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு வரியோடு நிறுத்துகிற ஆளா நான்? உனக்குத் தெரியாதா.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தோம். உனக்கு முப்பது தாண்டியிருந்தது, எனக்கு அதற்குக் கொஞ்சம் கம்மி. நான் பட்டாசு, நீ ஊதுவத்தி என்று துறைத் தலைவர் சொல்வார். ஒரு வேலை சரியாக வராவிட்டால் நான் மேசையைத் தட்டுவேன். நீ அதே நேரத்தில் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பிஸ்கட் டப்பாவில் அடுக்கிக்கொண்டிருப்பாய். "கத்தி முடிச்சிட்டியா? சரி வா, அடுத்தது பாக்கலாம்" என்பாய். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன். இப்போது கத்தி முடித்தபின் அறை அப்படியே கிடக்கிறது.

நாம் செய்துகொண்டிருந்தது என்ன என்று என் அண்ணிக்கு இன்றுவரை புரியவில்லை. நீ உன் அப்பாவுக்கு ஒரே நிமிடத்தில் புரிய வைத்தாய். "அப்பா, மாடி மேல கனமா சோலார் பலகை வெக்கிறாங்க இல்ல? அது மாதிரி இல்லாம, மைய பூசுற மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஷீட் மேல பூசிட்டா போதும். பாய் மாதிரி சுருட்டி எடுத்துட்டுப் போலாம். நம்ம கடை ஷெட்டு மேல விரிச்சா ஃபேன் ஓடும்." உடனே நான் சும்மா இருக்க மாட்டாமல், "பாய் வீட்டுப் பொண்ணு பாய் செய்யாம வேற இன்னா செய்வா" என்றேன். உன் அப்பா பஞ்சு மூட்டை மேல் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பாய் எந்த அளவுல இருக்கும்மா, விரிக்கலாமா?" என்பார்.

விரிக்க முடியவில்லையே, அதுதானே நம் தலைவலி. புதிதாகப் பூசிய அன்று அழகாக மின்சாரம் தரும். சூடு பட்டால் நாளுக்கு நாள் இறங்கும். "வெயில்ல வேலை பாக்க வந்துட்டு வெயில் ஒத்துக்காதுன்னா எப்படிடி? மெடிக்கல் லீவு கேக்குது பாரு" என்று நீ அதை ஒரு சோம்பேறி குமாஸ்தாவைப் போலத் திட்டுவாய். அதுவும் நம் ஊர் வெயில்! சித்திரையில் மாடியில் நாலு துண்டை வைத்துவிட்டுச் செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு இரண்டு பேரும் ஒற்றைக் காலில் குதித்தோமே. எதிரே மலை தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. "அது எத்தனை சித்திரை பார்த்திருக்கும், அப்படியேதான் இருக்குது. நம்ம சாமான் மூணு வாரம் தாங்க மாட்டேங்குது" என்றாய்.

அது ஏன் தாங்கவில்லை என்பதற்கும் நீதான் நல்ல விளக்கம் வைத்திருந்தாய். அந்தப் பூச்சில் இரண்டு பொருள்கள். ஒன்று நீளநீளமான பாலிமர் சங்கிலி, இன்னொன்று சின்னச் சின்ன மூலக்கூறுகள். இரண்டும் நன்றாகக் கலந்திருந்தால்தான் மின்சாரம். "பௌர்ணமிக்கு கிரிவலம் வர்றவங்க மாதிரி. கெளம்பும்போது எல்லா ஊர்க்காரங்களும் கலந்துதான் நடப்பாங்க. சூடு ஏற ஏற அவங்கவங்க ஊர்க்காரங்களத் தேடிப் போய் ஒட்டிப்பாங்க. கூட்டம் கூட்டமா உக்காந்துடுவாங்க. அப்புறம் எங்க நடக்கிறது?" சூட்டில் அந்தச் சின்ன மூலக்கூறுகள் நகர்ந்து நகர்ந்து கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். அவற்றை நகரவிடாமல் செய்ய வேண்டும். நாலு வருஷம் நாம் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

அப்புறம் உன் நோட்டு. நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், நீ தமிழில். "இங்கிலீஷ்ல எழுதினா யாரோ செஞ்சத நான் காப்பி அடிச்ச மாதிரி இருக்குடி" என்பாய். தமிழிலாவது முழுசாக எழுதுவாயா? கஞ்சத்தனம். 'சூ' என்றால் சூடு. 'கரை' என்றால் கரைசல். 'மறு' என்றால் மறுபடியும் செய். நடுவில் ஒரு புள்ளி வைக்கக்கூட உனக்கு மனசு வராது. எனக்கு எல்லாம் பழகிப்போயிருந்தது. உன் நோட்டை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

ஏழாவது துண்டு. அந்த மாதம் ஒரே கரைசலில் பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகள் பூசினோம். ஆறு நான், ஆறு நீ. எல்லாவற்றையும் ஹாட்பிளேட்டில், அந்த மின்சார அடுப்புத் தட்டில், நூற்றைம்பது டிகிரியில் பத்து நிமிடம் வைத்து எடுத்தோம். பிறகு எண்பத்தைந்து டிகிரி ஓவனுக்குள் போட்டு, வாரம் ஒருமுறை எடுத்து அளந்தோம். மூன்றாம் வாரம் பதினோரு துண்டுகள் படுத்துவிட்டன. உன் வரிசையில் முதல் துண்டு, ஏழாவது, அப்படியே இருந்தது. ஐந்தாம் வாரமும் இருந்தது. எட்டாம் வாரமும். நான் உன்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டேன். "இறக்குடி, ஓவன் திறந்திருக்கு" என்றாய்.

உன் நோட்டில் ஏழாவது துண்டுக்கு எதிரே இப்படி இருந்தது: 'சூ 150, 10 நி, ஆவி.'

ஆவி என்றால் எனக்குத் தெரியாதா? இரண்டாம் வருஷம் நாம் அந்த முறையையும் முயன்றோமே. பூசிய துண்டை மூடிய கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் இரண்டு சொட்டுத் திரவத்தை விட்டு, அந்த ஆவியில் ஊறவிடுவது. சளி பிடித்தவர்கள் போர்வைக்குள் வேது பிடிப்பதுபோல இருக்கிறது என்று நான்தான் அதற்கு 'ஆவி பிடிக்கிறது' என்று பெயர் வைத்தேன். ஆகவே ஏழாவதுக்கும் நீ ஆவி காட்டியிருக்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டேன். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே ஆவி காட்டி மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்றும் மூன்றாம் வாரத்திலேயே செத்தன.

நான் பட்டாசு ஆயிற்றே. அன்று மதியம் நீ தொழுதுவிட்டு ஸ்டோர் ரூமிலிருந்து வந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாய். நான் கேட்டேன். அந்தக் கேள்வியை இங்கே எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "ஏழாவது நிஜமாவே அதே பன்னண்டுலதானா? இல்ல, வேற நல்ல துண்டு எதையாச்சும் மாத்தி வெச்சிட்டியா?"

நீ நிமிர்ந்து பார்த்தாய். "நீயாடி கேக்குற?"

"நான்தான் கேக்குறேன். உன் நோட்டப் பாத்து ஒரு மனுஷன் திரும்ப செய்ய முடியுதா? பதில் சொல்லு."

நீ கையுறையை விரல் விரலாகக் கழற்றினாய். டப்பாவை மூடினாய். "அப்பாக்கு நாளைக்கு கண் ஆபரேஷன். ஒரு மாசம் வர மாட்டேன். சார்கிட்ட சொல்லிட்டேன்" என்றாய். குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை. நீ பதிலுக்குக் கத்தியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். உனக்குத்தான் கத்தத் தெரியாதே.

இரண்டு நாள் கழித்து நான்தான் செய்தி அனுப்பினேன். மன்னிப்புக் கேட்க அல்ல. 'நமக்குள்ள பேச ஒன்னும் இல்ல. ஏழாவதுக்கு இன்னா பண்ணேன்னு மட்டும் சொல்லு.'

உடனே பதில் வந்தது. 'ஆவி டி.'

அவ்வளவுதான். இரண்டு எழுத்து, ஒரு 'டி'. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மூன்று தடவை ஆவி காட்டிச் செத்துப்போன பிறகும் அதே ஆவியா? பிடிவாதம், திமிர் என்று போனைத் தூக்கிப் போட்டேன். பதில் எழுதவில்லை. அடுத்த நாளும் எழுதவில்லை. வரட்டும், நேரில் வந்ததும் இரண்டில் ஒன்று பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தேன்.

நீ வரவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாலாம் நாள் உன் சித்தப்பா மகன் போன் செய்தான். தேரடி வீதிக்குப் பின்னால் உன் வீட்டு வாசலில் நான் வந்து நின்றபோது உன்னைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை என்று உன் சித்தி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தெருமுனை திரும்பும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் மண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு கண்ணில் கட்டோடு உன் அப்பா அந்தக் கூட்டத்தில் நடந்துபோனார். அவர் கையைப் பிடித்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லக்கூட எனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சொல்கிறேன், கேள்.

துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. "எனக்கும் கஷ்டமாதாம்மா இருக்கு. ஆனா ஒரே ஒரு துண்டு, திரும்ப செய்ய முடியலைன்னா அத எப்படி அச்சுல போடுறது? மூணு மாசம் எடுத்துக்கோங்க. வந்தா வெக்கலாம். வரலைன்னா கட்டுரையில அந்த ஏழாவது துண்டோட கிராஃப் படத்த எடுத்துட்டு மீதிய அனுப்பிடலாம். அவங்க பேர கடைசில நன்றி சொல்ற எடத்துல போட்டுடலாம்" என்றார்.

நன்றி சொல்கிற இடம்! கண்ணாடித் துண்டு வாங்கிக் கொடுத்தவர், கருவி ரிப்பேர் செய்தவர், அவர்களோடு நீ. நாலு வருஷம் நீ நின்ற நிற்பு அதற்கா? அதைவிட மோசம், படத்தை எடுத்தால் நான் கேட்ட கேள்விதான் பதிலாக நிற்கும். ஏழாவது துண்டு பொய் என்று ஆகிவிடும். உன்னை நான் ஒருமுறை சொன்னேன். இனி ஊர் முழுக்கச் சொல்லும், அதுவும் என் கையால்.

ஆவி பிடித்தேன். மூன்று மாதமும் வேறு வேலை இல்லை. பத்து நிமிடம் ஆவி, அரை மணி ஆவி, இரண்டு சொட்டு, நாலு சொட்டு, கிண்ணத்தை மாற்றி, மூடியை மாற்றி. அம்மா என் தலைமுடியில் அந்துருண்டை நாறுகிறது என்று சீயக்காய் தேய்த்துவிட்டாள். ஓவனைத் திறக்கும்போதெல்லாம், "இந்தத் தடவையாச்சும் காட்டுடி" என்று உன்னிடம் கெஞ்சுவேன், அதட்டுவேன். ஒன்றும் நிற்கவில்லை. நீ உயிரோடு இருந்தால் ஒரு நிமிட வேலை. நோட்டைப் பிடுங்கி, "எங்க காட்டு" என்று பார்த்திருப்பாய்.

மூன்றாம் மாதம் முடிய பத்து நாள் இருந்தது. ஸ்டோர் ரூமை ஒழிக்கச் சொன்னார்கள். அங்கே உன் தொழுகை விரிப்பு மடித்தபடி அலமாரியில் இருந்தது. அதை வேறு யாரும் தொட வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். நாற்பதாம் நாளுக்குப் பிறகு அன்றுதான் போகிறேன். சாக்கு ஒன்று இல்லாமல் போக எனக்குத் தைரியம் இல்லை.

உன் அப்பா கதவைத் திறந்தார். "வாம்மா. இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார். விரிப்பை இரண்டு கையாலும் வாங்கி, முகத்தில் ஒருமுறை ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்தார். "உக்காரு, டீ போடுறேன். இப்ப எல்லாம் நானே நல்லா போடுவேன். எல்லாம் அவ எழுதி வெச்சிட்டுப் போயிருக்கா" என்று ஃபிரிட்ஜைக் காட்டினார்.

கண் ஆபரேஷன் ஆன அப்பாவுக்குத் தெரிய வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாய். வரிசையாகச் சீட்டுகள். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், மாத்திரை எப்போது, காஸை எப்படி மூடுவது. எல்லாம் உன் கையெழுத்து. வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தேன். நடுவில் தயிருக்கு ஒரு சீட்டு.

'பால் காய்ச்சி ஆவி. அப்புறம் உறை.'

நான் இரண்டு தடவை படித்தேன். "அப்பா, பாலுக்கு எதுக்கு ஆவி?" என்று கேட்டேன்.

அவர் டீத்தூளைப் போட்டுக்கொண்டே, "எது? ஆவியா? அது ஆற விடும்மா. ஆற விடு. அவ எல்லாத்தையும் அப்படித்தான் சுருக்கி எழுதுவா, பேப்பருக்குப் பஞ்சம் வந்த மாதிரி" என்றார். "சுடச்சுட உறை ஊத்தினா தயிர் நீத்துப் போயிடும். அடுப்ப அணைச்சிட்டு அப்படியே ஆற விடுங்கப்பா, அவசரப்பட்டு எறக்கி ஃபேனுக்குக் கீழ வெக்காதீங்கன்னு நூறு வாட்டி சொல்லிட்டா. எனக்குத்தான் பொறுமை கம்மி."

நான் ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். ஆ என்றால் ஆற. வி என்றால் விடு. புள்ளி வைக்க மனசு வராத கை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே ஆற விடு. ஐயோ, இவ்வளவுதானா?

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று உன் அப்பா பதறினார். ஒன்றும் இல்லை என்று சொல்லி டீயைக் குடித்தேன். சுடச்சுடக் குடித்து நாக்கு வெந்துபோனது. ஆட்டோ பிடித்து நேராக ஆய்வுக்கூடம் வந்தேன்.

நாம் எல்லாத் துண்டுகளையும் என்ன செய்வோம்? பத்து நிமிடம் முடிந்த உடனே இடுக்கியால் எடுத்துக் குளிர்ந்த இரும்புப் பலகையில் வைப்போம். வைத்த மாத்திரத்தில் அடுத்த துண்டு. எல்லாம் என் அவசரத்தில் வந்த பழக்கம், செய்முறையில் எழுதியதும் நான்தான். நீ அந்த ஏழாவதை மட்டும் எடுக்காமல், பிளேட்டை அணைத்து, அதன் மேலேயே விட்டிருக்கிறாய். நீ தொழப் போன நேரமாக இருக்கலாம், வேண்டுமென்றே செய்து பார்த்ததாகவும் இருக்கலாம். சட்டென்று ஆற வைத்தால் பாலிமர் சங்கிலிகள் நின்றது நின்றபடி உறைந்துபோகும், நடுவில் சந்து சந்தாக இடைவெளி இருக்கும். மறுபடி சூடு பட்டால் அந்தச் சந்துகளில்தான் சின்ன மூலக்கூறுகள் ஓடும். மெல்ல ஆற விட்டால் சங்கிலிகள் இடம் பார்த்து நெருங்கி உட்காரும். சந்து இல்லை, ஓட்டமும் இல்லை. எவ்வளவு எளிது! எளிது என்று இப்போது சொல்கிறேன்.

பூசினேன். நூற்றைம்பது, பத்து நிமிடம். பிளேட்டை அணைத்தேன். பிறகு பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆறுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த நாலு வருஷத்தில் நான் அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததே கிடையாது. பிளேட்டின் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நூறுக்கு வந்தபோது அழ ஆரம்பித்தேன். நீ போன அன்று வாசலில்கூட எனக்கு அழுகை வரவில்லை. வாட்ச்மேன் அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், கரண்ட் ஷாக்கா?" என்று ஓடி வந்தார். இல்லை அண்ணா, ஆறுவதற்காகக் காத்திருக்கிறேன் என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் அது நின்றது. பத்து நாளில் முடியவிருந்த கெடுவைத் துறைத் தலைவர், நான் விஷயத்தைச் சொன்ன அன்றே தானாக நீட்டியிருந்தார். எட்டாம் வாரமும் நின்றது. அதே முறையில் செய்த மற்ற ஐந்தும் நின்றன. அவர் அளவுகளை ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, "அந்தப் படத்த எடுக்க வேணாம்மா. அதையே முதல்ல வெச்சிடுங்க. பேரையும்தான்" என்றார். முதல் பெயர் நீ, இரண்டாவது நான். ஆவியை என்னவென்று ஆங்கிலத்தில் எழுதுவது என்று நான் விழித்தேன் பார். கடைசியில், சூட்டை அணைத்துவிட்டுத் தட்டின் மேலேயே மெல்ல ஆற விடப்பட்டது என்று நீளமாக எழுதினேன். உன் இரண்டு எழுத்துக்கு எனக்கு முழுதாக ஒரு வரி ஆயிற்று.

பத்திரிகைக்காரர்கள் அச்சுக்கு முன் கட்டுரையைச் சரிபார்க்க அனுப்பினார்கள். இறந்துபோன கட்டுரையாசிரியர் என்று காட்ட உன் பெயர் மேல் சின்னதாக ஒரு குறி போட்டிருந்தார்கள். பார்த்தால் சிலுவை மாதிரியே இருந்தது. மெத்தைக் கடை பாய் மகளுக்குச் சிலுவையா என்று உன் அப்பா கேட்பாரே என்று பயந்து, அதை நட்சத்திரமாக மாற்றச் சொல்லி எழுதினேன். மாற்றிவிட்டார்கள். நீ இருந்திருந்தால் இதற்கே ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

சரி, மணி ஆகிவிட்டது. போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். சாயங்காலம் நாலு மணி.

கடையில் கூட்டம் இல்லை. உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டுரையைக் கையில் வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்தார், நான் திருப்பிக் கொடுத்தேன். "இதுல எங்க பாப்பா பேரு எங்க?" என்றார். காட்டினேன். ஆங்கில எழுத்துகளின் மேல் விரலை வைத்து மெல்லத் தடவினார். விரல் நட்சத்திரத்தில் நின்றது.

"இந்த ஸ்டார் எதுக்கும்மா? உன் பேர்ல இல்லையே."

அடிக்குறிப்பில் அதன் அர்த்தம் இருக்கிறது. என்னால் அதைப் படித்துக் காட்ட முடியவில்லை. "மொதல்ல கண்டுபிடிச்சவங்களுக்குப் போடுறதுப்பா" என்றேன்.

ஆமாம் டி, பொய்தான் சொன்னேன். உன்னைப் பொய் சொன்னாயா என்று கேட்ட அதே வாயால். உன் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அந்த நட்சத்திரத்தைக் காட்டினார். "பாத்தியா, எங்க பாப்பாதான் மொதல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப பாய் விரிச்சிடலாமா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் ஆகும் அப்பா என்றேன். உன் ஏழாவதையும் சேர்த்து ஏழே ஏழு கண்ணாடித் துண்டுகள் தாங்கியிருக்கின்றன, ஓவனுக்குள். ஷெட்டு மேல் விரிக்க இன்னும் எத்தனையோ வேலை இருக்கிறது. அவர் மேலே தகரக் கூரையைப் பார்த்தார். "இருக்கட்டும், அவசரம் இல்ல" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது போனை எடுத்து உன் கடைசிச் செய்தியைத் திறந்தேன். நான் அதை அழிக்கவே இல்லை. தினம் ஒருமுறையாவது பார்க்கிறேன். நான் எழுதியது இரண்டு: நமக்குள் பேச ஒன்றும் இல்லை, ஏழாவதுக்கு என்ன பண்ணினாய். நீ அனுப்பியது ஒரே பதில். 'ஆவி டி.' ஆற விட்டேன் டி என்று கண்ணாடித் துண்டுக்குச் சொன்னாயா? ஆற விடு டி என்று எனக்குச் சொன்னாயா? இரண்டுக்கும் சேர்த்தேதான் சொன்னாயா? நீ வழக்கம்போலச் சுருக்கிவிட்டாய். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

இப்போது என் நோட்டிலும் நான் அப்படித்தான் எழுதுகிறேன். துண்டைப் பிளேட்டில் விட்டு அணைக்கும்போதெல்லாம் 'ஆவி' என்று எழுதி, ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடித் துண்டு ஒவ்வொரு தடவையும் ஆறிவிடுகிறது. நானும் நீ சொன்னபடி விட்டுத்தான் பார்க்கிறேன். எனக்கு இன்னும் ஆறவில்லை டி.